நாற்பது மூட்டைத் தண்ணீர்

ப்ளைவுட்டில் மீன்தொட்டி கட்ட நினைக்கிறவர்கள் கண்ணாடியை முதலில் வாங்கிவிடக் கூடாது. பெட்டியைச் செய்து முடித்து, உள்பக்கம் அளந்து, அதற்குப் பிறகுதான் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும். நான் முதலிலேயே போனேன். அதுவும் வெளிப்பக்க அளவை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு விரல்கடை கூடுதலாக வந்த அந்தக் கண்ணாடி ஒரு மாதம் எங்கள் வீட்டுச் சுவரில் சும்மா சாய்ந்து நின்றது. போகிற வருகிற நேரமெல்லாம் என் மனைவி அதில் முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள். அந்தக் கண்ணாடியால் அந்த வீட்டில் பயன்பெற்றவள் அவள் ஒருத்திதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால் இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் எழுதி என் முன்னால் வைத்த காகிதத்தில் என்னைப் பற்றி ‘முன் அனுபவம் இல்லாதவர்’ என்று ஒரு வரி இருக்கிறது. அது முழு உண்மை. வேண்டுமானால் ‘கொஞ்சமும்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. அடுத்த வரியில்தான் கை நின்றுவிட்டது. ‘தண்ணீரின் எடையை அறியாமல்’ என்று போட்டிருக்கிறீர்கள். கீழே கையெழுத்துப் போட்டால் மாடி இடிந்தது விபத்து என்று ஆகிவிடும், கீழே படுத்திருந்த என் மச்சான் செத்தது விதி என்று ஆகிவிடும், நான் மாலைக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொன்னீர்கள். தங்கமான மனிதர் நீங்கள். ஆனால் ‘அறியாமல்’ என்ற அந்தச் சொல் சரியில்லை. அதனால்தான் இன்னொரு தாள் கேட்டேன். இப்போது மூன்றாவது தாளும் வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

மச்சான் என்றால் என் மனைவிக்கு அண்ணன். கிடங்கில் எங்கள் சுமைக் கூட்டத்துக்கு மேஸ்திரி. வீடு அவர்களுடைய அப்பா கட்டியது. கீழே அவர், மேலே நாங்கள். அவர் மனைவி காலமான பிறகு மூன்று வேளையும் எங்கள் அடுப்படியிலிருந்துதான் அவருக்குச் சாப்பாடு இறங்கிப் போகும்.

அவரைப் போல மூட்டை தெரிந்த மனிதர் இனிப் பிறக்க வேண்டும். லாரி வாசலில் திரும்பும்போதே டயரைப் பார்த்து இத்தனை மூட்டை என்று சொல்லுவார். ஒன்று கூடக் குறைய இருக்காது. பெஞ்சு, பீரோ, கல்யாண வீட்டுப் பாத்திரம், எதுவானாலும் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூட்டைக் கணக்கில்தான் சொல்லுவார். எங்கள் தொழிலில் கிலோ என்பது ஆபீசுக்காரர்கள் பேச்சு. எங்களுக்கு எடை என்றால் மூட்டை. தோளில் ஏறினால்தான் எடை.

எனக்குத் ‘தக்கை’ என்று பெயர் வைத்தவர் அவர். கல்யாணமான நாலாவது நாள் என்னை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதல் மூட்டையோடு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “என்ன மாப்ளே, தக்கையா இருக்கே. தண்ணியில போட்டா மிதப்ப போல” என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் கழித்தும் அது நன்றாகவே இருந்ததுதான் கஷ்டம். ஆள் கூப்பிடும் சீட்டில் என் பெயர் தக்கை. டீக்கடையில் தக்கைக்கு ஒரு டீ. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் வழி கேட்டபோது, “தக்கை வீடா, அதோ அந்த மாடி” என்று காட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வந்து, “தக்கை ஐயா இருக்காருங்களா” என்று மரியாதையாகக் கேட்டார்கள். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அவர் மேல் கோபம் எதுவும் கிடையாது. இதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். நல்ல மனிதர். போன வருஷம் கிடங்கில் என் முதுகு பிடித்துக்கொண்டு நான் விழுந்தபோது, வண்டிக்குக் காத்திருக்காமல் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். ஓடிக்கொண்டே, “ஒரு மூட்டைக்குக் கூடத் தேற மாட்டான்டா இவன்” என்று பின்னால் வந்தவர்களிடம் சொன்னார். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் தோள் குலுங்கியதில் இன்னும் வலித்தது.

மீன் விஷயம் அந்த ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. காத்திருக்கிற கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்று. அதில் ஆரஞ்சு நிறத்தில் நாலைந்து மீன்கள் ஒரு வேலையும் செய்யாமல் இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தன. மூன்று மாதம் அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். இனிமேல் மூட்டை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வருகிற வழியில் கையளவு கண்ணாடிக் கிண்ணமும் இரண்டு மீனும் வாங்கினேன். படியேறும்போது கீழ்வீட்டு வாசலில் மச்சான் நின்றார். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தக்கைக்கு ஏத்த தொட்டி” என்றார்.

அவ்வளவுதான். மறுநாள் நான் ப்ளைவுட் கடையில் நின்றேன்.

“எட்டு அடி நீளம், மூணு அடி அகலம், மூணு அடி உயரம்” என்றேன்.

“அலமாரியா?” என்றார் கடைக்காரர்.

“மீனுக்கு.”

“எத்தனை மீன்?”

“இப்ப ரெண்டு. பதினொண்ணு வாங்கலாம்னு இருக்கேன்.”

“பதினொரு மீனுக்கு ஒரு பக்கெட் போதுமேங்க” என்றார். அவர் வியாபாரி, விற்கிறவரே வேண்டாம் என்று சொல்வதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தண்ணீருக்குத் தாங்குகிற பலகை வேண்டும் என்று அவர் சொன்னதையும் கேட்கவில்லை, மலிவானதை எடுத்தேன். முதல் நனைப்பிலேயே அது அப்பளம் போல உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்தது. மறுபடியும் போய் அவர் முதலில் சொன்னதையே வாங்கிவந்தேன். அவர் சிரிக்கவும் இல்லை. அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

பெட்டியை மேல்வீட்டு நடு அறையில் வைத்தே செய்தேன். வாசல் இரண்டரை அடி என்பது செய்து முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வெளியே போகவே முடியாத சாமான் ஒன்றை வீட்டுக்குள் வைத்து உருவாக்கியிருந்தேன்.

“ஏங்க, இது மீன் குடியிருக்கவா, நாம குடியிருக்கவா?” என்றாள் என் மனைவி.

“மீனுக்கு நீந்த இடம் வேணாமா?”

“ரெண்டு மீனு எட்டடி போயிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள ஒண்ணுக்கொண்ணு முகம் மறந்துடும்.”

பலகையின் உள்பக்கம் பூசுவதற்கு இரண்டு டப்பாவாக ஒரு பிசின் விற்கிறார்கள். ஒன்றில் பிசின், மற்றதில் அதை இறுக்குகிற மருந்து. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து உடனே பூச வேண்டும். டப்பாவின் மேல் அப்படித்தான் எழுதியிருந்தது. அப்போது நான் சங்கக் கட்டடத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற மாலை வகுப்பில் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். எழுத்துக் கூட்டினால் ஒரு வரிக்கு ஒரு பீடி ஆகும். ‘கொஞ்சம்’ வரைக்கும் படித்துவிட்டுப் பொறுமை போய் மொத்தத்தையும் பக்கெட்டில் கொட்டிக் கலக்கிவிட்டேன். அது சூடாகிப் புகைய ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் கல். பக்கெட், பிசின், நடுவில் நட்டக்குத்தலாக என் பிரஷ். மனைவி அதை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டாள்.

கண்ணாடி ஒட்டுகிற சிலிக்கான் பசை முழங்கை வரைக்கும் ஏறி, மயிரோடு சேர்ந்து காய்ந்தது. அதை உரிக்கும்போது நான் போட்ட சத்தத்தில் மச்சான் கீழேயிருந்து, “பிரசவமா மாப்ளே?” என்று கேட்டார்.

நாலரை மாதம். முதன்முதலாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒரு சாண் உயரம்தான் விட்டிருப்பேன். மூலையில் ஸ்க்ரூ போட்ட இடம் ஒழுகியது. தரையில் பரவி, பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிட்டது. எங்கள் மாடித் தரை பழைய மாதிரி, ஐயா. இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர் வரைக்கும் மர உத்திரங்கள், அவற்றின் மேல் பலகை, பலகை மேல் பூச்சு. நீங்கள் வந்து பார்த்தபோது அதில் பாதி கீழே கிடந்தது.

மச்சான் தலையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார்.

“என்ன மாப்ளே, உன் வீட்டுல தனியா மழை பெய்யுதா?”

“கொஞ்சம் ஒழுகிடுச்சு மச்சான்.”

“கொஞ்சமா? நடு நெத்தியில விழுது. கண்ணத் திறந்தா இன்னொண்ணு.”

“கட்டில நகத்திப் போடுங்க மச்சான்.”

“காத்தாடி அங்கதான தொங்குது, எங்க நகத்த? நீ ஓட்டைய அடை.”

கீழே போய்ப் பார்த்தோம். அவர் கட்டிலில் ஏறி நின்று மேலே இருந்த உத்திரத்தைக் கம்பால் தட்டினார். மாவு போல உதிர்ந்தது. கறையான். “பழைய கட்டை. நான் போற வரைக்கும் தாங்கும்” என்றார். அவர் சொன்னது பொய்யாகவில்லை.

அன்று வரைக்கும் என் மனதில் மீனைத் தவிர வேறு எதுவும் இல்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் வகுப்பில் டீச்சர் அளவுகள் பாடம் எடுத்தார். சின்னப் பெண், என் மகள் வயது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்று கரும்பலகையில் எழுதினார். நான் கையைத் தூக்கினேன்.

“தண்ணிக்கு எடை உண்டுங்களா டீச்சர்?”

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் கொஞ்சம் சிரித்துவிட்டு, “குடம் தூக்கினது இல்லையா நீங்க?” என்றார். இல்லை. எங்கள் வீடுகளில் குடம் தூக்குவது பெண்கள் வேலை. முப்பது வருஷம் ஊர்ச் சுமையெல்லாம் சுமந்த எங்களில் யாருக்கும் தண்ணீர் ஒரு சுமை என்று தோன்றியதில்லை. அது குழாயில் வருவது. திறந்தால் தானாக நடந்து வருகிற பொருளுக்கு எடை இருக்கும் என்று மூட்டை தூக்குகிறவன் எதற்காக நினைக்க வேண்டும்?

என் தொட்டியின் நீள அகலத்தைச் சொன்னேன். டீச்சர் பெருக்கிப் பார்த்து, “இரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும்” என்றார். இரண்டாயிரம் என்றால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து, மூட்டைக்கு ஐம்பது கிலோ என்று வைத்து வகுத்தேன். வகுத்தல் அதுவரை எனக்கு வராது. அன்று மூன்று தடவை தப்பாகப் போட்டு, நாலாவது தடவை மீதியே இல்லாமல் வந்தது. நாற்பது.

நாற்பது மூட்டை. கிடங்கில் ஒரு அட்டி போட்டு அடுக்கினால் என் தலைக்கு மேல் போகும். அதை என் வீட்டு நடு அறையில், கறையான் பிடித்த உத்திரத்தின் மேல், மச்சான் நெற்றிக்கு நேர் மேலே அடுக்கப் பார்த்திருக்கிறேன்.

உடனே கீழே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுந்தேன். செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. இது மச்சானுக்குத் தெரியாது. மூட்டை விஷயத்தில் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. போய்ச் சொன்னால் அடுத்த நிமிஷம் அவருக்கும் தெரிந்துவிடும். நாளைக்குக் கிடங்கில் அவர்தான் அதை எல்லாருக்கும் சொல்லுவார், தானே கண்டுபிடித்தது போல. அதன் பிறகு எனக்கென்று என்ன இருக்கும்? செருப்பைக் கழற்றிவிட்டேன். இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். புதுச்சட்டையை வாங்கிய அன்றைக்கே யாராவது இன்னொருத்தருக்குக் கொடுப்பார்களா?

இரண்டு நாள், இரண்டு மாதம் ஆனது. அதற்குள் தொட்டி ஓட்டையை அடைத்தேன், மூலைகளில் ஃபைபர் துணி ஒட்டினேன், பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மூன்று தடவை பூசினேன். சொல்லிக்கொள்ளக் கூடாது, நன்றாகவே வந்தது. இடிபாட்டில் உங்கள் ஆட்கள் அதைத் தூக்கும்போது ஒரு மூலையும் விட்டிருக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ப்ளைவுட் கடைக்காரர் ஒருநாள் ஆர்வம் தாங்காமல் பார்க்க வந்தார். “மாடியிலயா?” என்று முகம் மாறியது. “வைக்கிறதுனா உத்திரத்துக்குக் குறுக்க வைங்க. அஞ்சாறு கட்டை மேல பாரம் பிரியும். நீளவாக்குல வெச்சா ரெண்டே கட்டை மேல உக்காந்துடும். சுவரை ஒட்டி வைங்க, நடுவுல வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வந்தபோது தொட்டி குறுக்காக, சுவரை ஒட்டித்தான் இருந்தது. தற்செயலாக அப்படி அமைந்திருந்தது.

மறுநாள் மச்சானைக் கூப்பிட்டேன்.

“இதைக் கொஞ்சம் திருப்பி நடுவுல வைக்கணும் மச்சான். ஜன்னல் பக்கம் வெயில் பட்டா பாசி பிடிக்குமாம். எனக்கு முதுகு ஒத்துழைக்காது.”

வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு முனையைத் தூக்கினார். அறுபது வயதில் ஒற்றை ஆளாக. “மூணு மூட்டை” என்றார். காலித் தொட்டி, பலகையும் கண்ணாடியும் சேர்த்து மூன்று மூட்டைதான். நான் அதைக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவருக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. கை சொல்லிவிட்டது. கடைக்காரர் எப்படி வைக்கக் கூடாது என்றாரோ அப்படியே, உத்திரத்தோடு நீளவாக்கில் வைத்துக் கொடுத்தார். கையைத் தட்டிக்கொண்டே கேட்டார்:

“தண்ணி ஊத்தினா எவ்வளவு வரும் மாப்ளே?”

அவர் கேட்டார், ஐயா. இதை நான் மறைக்க விரும்பவில்லை. நானும் பதில் சொன்னேன், பொய் சொல்லவில்லை.

“ரெண்டாயிரம் லிட்டர் மச்சான்.”

“அப்படின்னா?”

“ரெண்டாயிரம் லிட்டர்.”

அவர் மனதுக்குள் அது எங்கேயும் போய் உட்காரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் அவரால் முடியாது. “தண்ணி தானே” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ‘நாற்பது மூட்டை’ என்று சொல்லியிருந்தால், அந்தக் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பார். நான் லிட்டரில் சொன்னேன். அவருக்குத் தெரியாத பாஷையில் உண்மையைச் சொன்னேன்.

மாடி விழுந்த அன்றைக்குக் காலையில் மனைவியை மீன் தீனி வாங்க அனுப்பினேன். பக்கத்துக் கடையில் இருக்கிறதே என்றாள். அது சரியில்லை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பெரிய கடை இருக்கிறது, அங்கே வாங்கிக்கொண்டு அப்படியே மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வா என்றேன். மீன் தீனிதான் தன் உயிரைக் காப்பாற்றியது என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பதினொரு மீனையும் பக்கெட்டில் விட்டு அடுப்படியில் வைத்தேன். அது தெருப்பக்கம், அங்கே உத்திரம் நல்ல உத்திரம். பதினொரு மணிக்கு ஹோஸ் பைப்பைத் தொட்டிக்குள் விட்டுக் குழாயைத் திறந்தேன். கண்ணாடி மேல் ஐந்து மூட்டைக்கு ஒரு கோடு என்று முன்பே சாக்பீஸால் போட்டு வைத்திருந்தேன். எட்டுக் கோடு. நாற்காலியைக் கதவு நிலைக்கு வெளியே, படிக்கட்டுத் தலைப்பில் போட்டுக்கொண்டேன். உள்ளே உட்கார எனக்கென்னவோ சரியாகப் படவில்லை.

மச்சான் ஒரு மணிக்கு வந்தார். காலையில் அவள் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டைச் சாப்பிட்டார். தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. அப்போது தண்ணீர் நாலாவது கோட்டில் இருந்தது. இருபது மூட்டை.

ஐந்தாவது கோட்டில், திறந்திருந்த அறைக் கதவு தரையில் இறுகிக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை. தரையில் நூல் போல ஒரு விரிசல், தொட்டிக்கு அடியிலிருந்து என் நாற்காலி வரைக்கும். உத்திரம் முனகியது. கிடங்கில் புது ஆள் முதல் நாள் முனகுவானே, அதே மாதிரி, வாயை மூடிக்கொண்டு.

நான் எழுந்து கீழே போனேன். சொல்லத்தான் போனேன், ஐயா. குழாயைக்கூட மூடிவிட்டுப் போகலாம் என்று நினைத்து, ஒரு நிமிஷ வேலைதானே என்று திறந்தபடியே விட்டுவிட்டேன். மச்சான் மல்லாந்து படுத்திருந்தார். அவர் மார்பில் மேலேயிருந்து உதிர்ந்த மரத்தூள் கொஞ்சம் கிடந்தது. கட்டில் அருகே நின்றேன். மூட்டை சுமந்து சுமந்து கழுத்துக்குப் பின்னால் கட்டியாகத் தடித்துப் போன இடம் தலையணையில் மடங்கியிருந்தது. எனக்கும் அந்த இடத்தில் அதே தடிப்பு இருக்கிறது. தோளில் கை வைத்து எழுப்பப் போனேன். அவரே பாதிக் கண்ணைத் திறந்தார்.

“என்ன தக்கை, மீன் நீந்துதா?”

“இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆகும் மச்சான்.”

“ம்” என்று சொல்லித் திரும்பிப் படுத்தார்.

‘மாப்ளே’ என்று கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல தடவை நினைத்துப் பார்த்தேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். மார்பில் கிடந்த தூளைத் தட்டிவிட்டேன், தூக்கத்தில் மூக்கில் ஏறினால் இருமுவாரே என்று. படியேறிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

என் கணக்கு நாற்பது. முப்பத்தாறிலேயே போய்விட்டது. ஏழாவது கோட்டைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. மரத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது. உங்கள் காகிதத்தில் ‘முன் அனுபவம் இல்லாதவர்’ என்பதை இந்த இடத்தில் போட்டால் பொருத்தமாக இருக்கும். சத்தம் பெரிதாக இல்லை. அட்டி சரிவது போலத்தான், மொத்தமாக ஒரே மூச்சில். பிறகு தண்ணீர் தெருவாசல் வழியாக ஓடுகிற சத்தம். ஹோஸ் பைப் மட்டும் அந்தரத்தில் தொங்கி ஊற்றிக்கொண்டே இருந்தது. நான் எழுந்து போய்க் குழாயை மூடினேன். தண்ணீரை வீணாக்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அன்று மாலை நீங்கள் விசாரித்தபோது என் மனைவி உங்களிடம் சொன்னதை நான் கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். “அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா. இப்பதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாரு. தண்ணிக்கு எடை இருக்குன்னு அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா? விவரம் இல்லாத மனுசன். எங்கண்ணனே அவரைத் தக்கைன்னுதான் கூப்பிடும், அவ்வளவு அப்பாவி. விட்டுருங்கய்யா.” அண்ணனை இழந்த அன்றைக்கே புருஷனையும் இழந்துவிடக் கூடாது என்று உங்கள் காலைப் பிடித்தாள். நீங்களும் இரங்கி, அவள் சொன்னதையே ஒரு சொல்லாகச் சுருக்கி எழுதிவிட்டீர்கள்.

அதில்தான் பிரச்சினை. தொட்டி கட்டத் தெரியவில்லை என்று எழுதுங்கள், சரி. பிசின் கலக்கத் தெரியவில்லை, கண்ணாடி அளக்கத் தெரியவில்லை, வாசல் அகலம் பார்க்கத் தெரியவில்லை, எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். தண்ணீரின் எடை எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதையும் இல்லை என்று எழுதி என் கையாலேயே கையெழுத்து வாங்கினால், நான் வகுத்த வகுத்தலுக்கு என்ன அர்த்தம்? ‘அறியாமல்’ என்பதை அடித்துவிட்டு ‘நன்கு அறிந்தே’ என்று திருத்திக் கொடுங்கள். அடித்த இடத்தில் பக்கத்தில் சின்னதாக நானே கையெழுத்துப் போடுகிறேன். அப்படித்தான் போட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

இதற்கு என்ன தண்டனை என்று நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். கேட்டுக்கொண்டேன். யோசிக்க ஒரு நாள் எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள். யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒரு உதவி. வெளியே பெஞ்சில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக மாற்றுச்சட்டை கொண்டுவந்திருப்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது. நீங்களே இதை அவளுக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். வகுத்தல் வருகிற இடத்தை இரண்டு தடவை படியுங்கள். மூன்று நாளாக அண்ணனை நினைத்து அழுதுகொண்டிருக்கிறாள் பாவம். தன் வீட்டுக்காரருக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது என்று கேட்டால், அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.